உற்றவர் கேட்ட வினா: மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சி வரலாற்றிலிருந்து

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிருமியைக் கண்டவர், மருந்தைக் கண்டவர், கத்தியைத் திறம்படக் கையாண்டவர் ஆகியோரின் பெயர்களை மாணவர் மனனம் செய்கின்றனர். எவருடைய உடலின்மீது அக்கண்டுபிடிப்புக்கள் யாவும் நிகழ்ந்தனவோ, அவர்கள் அந்நூல்களில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுவர். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயுற்றவனை முதலிலும் அந்நோயைத் தீர்ப்பவனை அடுத்தும் வைத்தார். இவ்வரிசை யாப்பு நோக்கி அமைந்ததா, கருத்து நோக்கி அமைந்ததா என்று புலவர்கள் வாதிடட்டும். நவீன புற்றுநோய் ஆராய்ச்சி அவ்வரிசையை ஓரளவுக்கேனும் ஏற்றுக்கொள்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதி பிறக்க வேண்டியிருந்தது. அப்பொழுதும் அது தானாக ஏற்கவில்லை, ஏற்கச் செய்யப்பட்டது. எவ்வாறு ஏற்கச் செய்யப்பட்டது என்பதை மார்புப் புற்றுநோயின் வரலாறு போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை என்று நாம் கருதுகின்றோம்.

அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரான வில்லியம் ஹால்ஸ்ரெட் 1882 இல் ஒரு புதிய சத்திரசிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். பின்னர் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலிருந்து 1894 இல், ஐம்பது நோயாளரைப் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டார். மார்பு முழுவதையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒரே பிண்டமாக அறுத்தெடுப்பதே அம்முறை. புற்றுநோய் ஓரிடத்தில் தோன்றி, அங்கிருந்து படிப்படியாக வெளிநோக்கிப் படர்கிறது என்பது அவருடைய கொள்கை. கொள்கை அதுவாயின் முடிவும் அதற்கேற்றதே: எவ்வளவுக்கு அகலமாகவும் ஆழமாகவும் வெட்டுகின்றோமோ, அவ்வளவுக்கு நோய் வேரறும்.

ஹால்ஸ்ரெட்டின் காலத்தை மறந்து அவரைக் குறைகூறுதல் நியாயமாகாது. அதற்கு முந்திய காலம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்ணி 1811 இல் பாரிசில் தமது மார்பு அகற்றப்பட்டதைப் பற்றித் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படிக்கலாம். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அப்பெண்மணி அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அக்கடிதத்தை எழுதி முடிக்கவே அவருக்குப் பல மாதங்கள் சென்றன. ஹால்ஸ்ரெட்டிடம் வந்த பெண்களுள்ளும் பலர் கட்டி பெரிதாக வளர்ந்த பின்னரே வந்தனர். அவர்களிடத்தில், வெட்டிய இடத்திலே நோய் மீண்டும் தோன்றுவதை அவருடைய முறை பெரிதும் குறைத்தது. அது உண்மையான முன்னேற்றமே.

ஆனால் அவர் முதன்மையாக எண்ணியது வெட்டிய இடத்தை. அப்பெண்களுட் பலர் பின்னர் எலும்பிலும் ஈரலிலும் பரவிய நோயால் இறந்தனர். நோய் சத்திரசிகிச்சைக்கு முன்னரே இரத்தத்தின் வழியே உடலெங்கும் சென்றிருக்கக்கூடும் என்றால், நெஞ்சுத் தசையை அறுப்பதனால் வந்த பயன் யாது? இவ்வினா கேட்கப்படவில்லை. உயிர் தப்பிய பெண்களுக்கோ விலா எலும்புகள் தோலுக்கடியில் துருத்தி நின்றன. நிணநீர் வடிய வழியின்றிக் கை வீங்கிற்று. இதே ஹால்ஸ்ரெட்தான், கிருமிநாசினியால் தம் தாதி ஒருவரின் கைகள் புண்பட்டதைக் கண்டு, அவருக்கெனத் தனியே றப்பர் கையுறை செய்வித்தவர். (பின்னர் அத்தாதியையே மணந்தும் கொண்டார். இன்று உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் அணியப்படும் கையுறையின் பூர்வீகங்களுள் இதுவும் ஒன்று.) தம்மருகே நின்ற பெண்ணின் கையைக் கண்டு இரங்கியவருக்கு, மேசைமீது கிடந்த பெண்ணின் கை கணக்கில் வரவில்லை. கல்நெஞ்சம் என்று இதனைச் சொல்லிவிட முடியாது. ஒருத்தி தன் துன்பத்தை எடுத்துரைக்கும் இடத்தில் இருந்தாள், மற்றவள் இருக்கவில்லை.

ஹால்ஸ்ரெட் 1922 இல் இறந்தார். அவருடைய சத்திரசிகிச்சையோ மேலும் அரை நூற்றாண்டு ஆட்சி செலுத்திற்று. 1950 களில் அமெரிக்காவில் சிலர், அதுவும் போதாதென்று நெஞ்சுச் சுவரின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டினர். மருத்துவருள்ளே மாற்றுக் கருத்தினர் இல்லாமலில்லை. இலண்டன் சென் பாத்தலமியு வைத்தியசாலையில் ஜெஃப்றி கீன்ஸ், 1920 களிலேயே மார்பை வெட்டி அகற்றாது றேடியம் ஊசிகளைக் கொண்டு சிகிச்சை செய்து, வெட்டியோரின் முடிவுகளோடு ஒப்பிடத்தக்க முடிவுகளைப் பெற்றார். பொருளியலறிஞர் மேனாட் கீன்ஸின் இளைய சகோதரர் இவர். அண்ணனுக்குக் கிடைத்த செவிமடுப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரின் ஜோர்ஜ் கிறைல், 1955 இல் 'லைஃப்' என்னும் மக்கள் சஞ்சிகையில் தம் எதிர்க்கருத்தை எழுதினார். தொழிற் சகாக்கள் வெகுண்டனர். அவர்களை வெகுளச் செய்தது கருத்து மட்டுமன்று. அது சொல்லப்பட்ட இடமுந்தான். மருத்துவர் தமக்குள் பேசவேண்டியதைப் பெண்கள் வாசிக்கும் ஏட்டில் எழுதலாமா என்பதே குற்றச்சாட்டு.

அக்காலத்து மருத்துவர்–நோயாளர் உறவை விளங்கிக்கொள்ள ஒரே ஓர் ஆய்வு போதும். 1961 இல் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றின் மருத்துவர்களிடம், புற்றுநோய் கண்டால் அதனை நோயாளரிடம் சொல்வீர்களா என்று வினவப்பட்டது. விடையிறுத்தவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லாதிருப்பதையே விரும்பினர். (1979 இல் அதே வினா மீண்டும் கேட்கப்பட்டபோது, நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் இவ்வாறு தலைகீழாக மாறிய தொழில் வழக்கங்கள் மிகச் சில.) மார்பில் கட்டி கண்ட பெண்ணுக்கு நிகழ்ந்தது இது: மயக்கமருந்து கொடுத்து, கட்டியின் துண்டொன்றை எடுத்து, உறையவைத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். புற்றுநோய் எனின், அவள் கண் விழிக்கு முன்னரே மார்பையும் தசையையும் அகற்றிவிடுவர். சம்மதப் பத்திரத்தில் அவள் முன்னரே ஒப்பமிட்டிருப்பாள். மார்போடு எழுவேனா, மார்பின்றி எழுவேனா என்று அறியாமலே உறங்கச் செல்வாள். கையை நெஞ்சின்மீது வைத்துப் பார்த்துத்தான் தனக்கு வந்த நோயை அறிவாள்.

கல்வியும் புகழும் உடையோருக்கும் இந்நிலையே இருந்தது. 'மௌன வசந்தம்' என்னும் நூலால் பூச்சிகொல்லிக் கம்பெனிகளை அதிரவைத்த விஞ்ஞான எழுத்தாளர் றேச்சல் கார்சனுக்கு, அந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1960 இல், மார்பு அகற்றப்பட்டது. இது புற்றுநோயா என்று அவர் நேரடியாகவே கேட்டார். சத்திரசிகிச்சை செய்தவர் உண்மையைச் சொல்லவில்லை. நோய் பரவிய பின்னர், அவ்வாண்டின் இறுதியில் கிறைலிடம் சென்றபோதே கார்சன் உண்மையை அறிந்தார். இரசாயனங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகுக்கு எழுதிக்கொண்டிருந்தவரிடமே அவருடைய புற்றுநோய் மறைக்கப்பட்டது. பின்னர் அவரும் அதனை வெளியுலகிற்கு மறைத்தார். தம் நோயைச் சுட்டிக்காட்டித் தம் விஞ்ஞானத்தைப் பக்கச்சார்பானது என்று கம்பெனிகள் தூற்றுமென்று அவருக்குத் தெரியும். நூல் 1962 இல் வெளிவந்தது. கார்சன் 1964 ஏப்ரிலில் மறைந்தார்.

நோயாளருக்குச் சொல்லாது சிகிச்சை செய்யும் வழக்கத்திலிருந்து, அவர்களுக்குச் சொல்லாது ஆராய்ச்சி செய்யும் வழக்கத்துக்குத் தூரம் அதிகமில்லை. 1951 இல் ஹால்ஸ்ரெட்டின் அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹென்றியெற்ரா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். புகையிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பத்தவர் அவர். அவரிடமிருந்து கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் முடிவின்றிப் பெருகின. போலியோத் தடுப்புமருந்தைச் சோதிப்பது முதலாக எண்ணற்ற ஆராய்ச்சிகளுக்கு அவை உதவின. விற்பனைப் பண்டமும் ஆயின. ஹென்றியெற்ரா அவ்வாண்டிலேயே இறந்தார். அவருடைய கலங்கள் உயிரோடிருப்பதை அவர் பிள்ளைகள் அறிந்தது 1970 களில்.

1963 இல் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் நிகழ்ந்தது இதனிலும் கொடியது. புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற செஸ்ரர் ஸதம், நாட்பட்ட நோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றில், இருபத்திரண்டு நோயாளரின் உடலில் உயிருள்ள புற்றுநோய்க் கலங்களைச் செலுத்துவித்தார். அவை புற்றுநோய்க் கலங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அங்கு பணிபுரிந்த இளம் மருத்துவர் மூவர் அவ்வேலையைச் செய்ய மறுத்துப் பதவி துறந்ததால் செய்தி வெளிவந்தது. தம் உடலில் ஏன் அதனைச் செலுத்திக்கொள்ளவில்லை என்று ஸதமைக் கேட்டபோது, தேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சியாளர் உலகில் சிலரே உளர் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். அதிகாரிகள் அவரை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தனர். சில ஆண்டுகளில் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் அவரைத் தன் தலைவராகத் தெரிவு செய்தது. தனிமனிதரின் குணக்கேடு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அத்தெரிவே சான்று.

இச்சூழலிலேதான் 1974 ஜூனில், மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த றோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் தம் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். அவர் செய்தது, எந்தப் பத்திரிகையாளரும் தம் தொழிலில் செய்வதே: நூலகத்துக்குப் போனார். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பலர் ஹால்ஸ்ரெட்டின் முறையைக் கைவிட்டிருந்ததை மருத்துவ ஏடுகளில் படித்தார். முதலில் கட்டியை மட்டும் சோதியுங்கள், முடிவை என்னிடம் சொல்லுங்கள், பின்னர் என்ன செய்வதென்று நான் தீர்மானிக்கின்றேன் என்று கேட்டார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இக்கோரிக்கையைச் சத்திரசிகிச்சை நிபுணர் பலர் மறுத்துவிட்டனர். ஈற்றில் பஃபலோ நகரில், தசைகளை விட்டு மார்பை மட்டும் அகற்ற ஒருவர் உடன்பட்டார். அடுத்த ஆண்டே குஷ்னர் தம் அனுபவத்தையும் தாம் திரட்டிய சான்றுகளையும் ஒருசேர நூலாக்கினார். அவர் தனியே நிற்கவில்லை. 1960 களின் சிவில் உரிமைப் போராட்டமும் அதன்பின் எழுந்த பெண்விடுதலை இயக்கமும் இல்லாதிருந்தால், அவர் குரல் ஒரு முரட்டு நோயாளியின் முறைப்பாடாகவே முடிந்திருக்கும். 1974 செப்ரெம்பரில் ஜனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோட் தம் மார்பு அகற்றப்பட்டதை ஒளிக்காது அறிவித்ததும், அதுவரை வீட்டுக்குள்ளும் உச்சரிக்கப்படாத ஒரு சொல் நாளேடுகளில் ஏறிற்று.

1979 ஜூனில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பற்றி ஒரு மாநாட்டைக் கூட்டின. தீர்ப்புச் சொல்லும் குழுவில் மருத்துவரல்லாத ஒருவர் இருந்தார், அவர் குஷ்னர். ஹால்ஸ்ரெட்டின் முறை இனிப் பொது நியமம் அன்று எனவும், சோதனையும் சத்திரசிகிச்சையும் இரு வேறு கட்டங்களாக நிகழ வேண்டும் எனவும் அக்குழு கூறியது. மாற்றுச் சிகிச்சைகளைப் பெண்ணுக்கு எடுத்துச்சொல்ல வேண்டுமென்று மசசூசெற்ஸ் மாநிலம் அதே ஆண்டில் சட்டமியற்றிற்று. மேடையில் ஓர் ஆசனம். ஆனால் அவ்வாசனத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பெண்கள் நின்றனர்.

எனினும் ஒரு முறை தவறானது என்று சொல்வதற்கு ஆவேசம் போதாது; சான்று வேண்டும். அச்சான்றைத் திரட்டியவர் பிற்ஸ்பேர்க்கின் பேர்னாட் ஃபிஷர். மார்புப் புற்றுநோய் தொடக்கத்திலிருந்தே உடல் முழுவதற்குமான நோயாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. கருத்தை அவர் கருத்தாகவே வைத்துக்கொள்ளவில்லை. 1971 இல் தொடங்கிய ஆய்வில், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1,665 பெண்களைக் குலுக்கல் முறையால் பிரித்து, ஹால்ஸ்ரெட்டின் முறையை எளிய முறைகளோடு ஒப்பிட்டார். 1976 இல் தொடங்கிய அடுத்த ஆய்வு இன்னும் துணிந்தது: மார்பு முழுவதையும் அகற்றுவதா, கட்டியை மட்டும் அகற்றுவதா, கட்டியை அகற்றிக் கதிர்ச் சிகிச்சையும் அளிப்பதா? இதில் 1,800 க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். இத்தாலியில் உம்பேற்றோ வெறொனேசி 701 பெண்களைக் கொண்டு இதற்கிணையான ஆய்வை நடத்தி, 1981 இல் முடிவை வெளியிட்டார்.

இவ்வாய்வுகளைப் பற்றி எழுதுவோர் ஃபிஷரின் துணிவைப் பாராட்டுவர்; பாராட்டத் தக்கதே. ஆயின், தம் மார்பு இருப்பதா போவதா என்பதைக் குலுக்கலிடம் ஒப்படைத்த பெண்களின் துணிவை என்னென்பது? சிகிச்சையைத் தீர்மானிக்கும் உரிமைக்காகப் போராடியவர்களும், இன்னது நல்லதென்று எவருக்கும் தெரியாத இடத்தில் அவ்வுரிமையைப் பின்வருவோருக்காகத் தாமே விட்டுக்கொடுத்தவர்களும் ஒரே தலைமுறைப் பெண்களே. இவ்விரண்டும் முரணானவை என்று நாம் எண்ணவில்லை. நோயாளியிடம் உண்மை பேசப்பட வேண்டும் என்பதே இரண்டுக்கும் நிபந்தனை.

இரண்டாவது ஆய்வு தொடக்கத்தில் மந்தமாகவே நகர்ந்தது. தகுதியுள்ள நோயாளர் இருந்தும் மருத்துவர்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. ஏன் என்று அம்மருத்துவர்களிடமே விசாரித்து 1984 இல் வெளியிடப்பட்ட கட்டுரை ஒன்று உண்டு. நோயாளியோடு தமக்குள்ள உறவு கெட்டுவிடும் என்பது முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. நிச்சயமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேச விருப்பமின்மையும் காரணங்களுள் ஒன்று. எளிய சொற்களில் கூறின், "எனக்குத் தெரியாது" என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. எண்பது ஆண்டுகள் ஒரு சத்திரசிகிச்சை சோதிக்கப்படாமல் நிலைத்ததன் இரகசியம் இங்கே இருக்கின்றது. தெரியாது என்று ஒப்புக்கொண்டாலன்றி ஆய்வு தொடங்காது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே மருத்துவரின் அதிகாரம் என்றிருக்கும்வரை அவ்வொப்புதல் வராது.

முடிவுகள் 1985 இலும், இருபது இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபின் 2002 இலும் வெளிவந்தன. ஹால்ஸ்ரெட்டின் முறைக்கு உட்பட்டோர் ஏனையோரிலும் அதிக காலம் வாழவில்லை. கட்டியை மட்டும் அகற்றியோரும் மார்பு முழுவதையும் இழந்தோரும் ஒரே அளவு காலம் வாழ்ந்தனர். கட்டியை அகற்றிக் கதிர்ச் சிகிச்சை பெற்றோருள் அதே மார்பில் நோய் மீண்டது இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு 14.3 பேருக்கு, கதிர்ச் சிகிச்சை பெறாதோருள் 39.2 பேருக்கு. அக்கால இடைவெளிகளில் வெட்டப்பட்ட தசைகளையும் வீங்கிய கைகளையும் எண்ணியவர் இல்லை.

இங்கு இலக்கிய வாசகருக்கு ஒரு செய்தி. 1978 இல் மார்பொன்றை இழந்த கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோட், 1980 இல் தம் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்னும் நூலை வெளியிட்டார். செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரிடம் சென்றபோது, அது அங்கு வருவோரின் மனவுறுதிக்குக் கேடு என்று தாதியொருவர் சொன்னதை அவர் அதில் பதிவு செய்கின்றார். இழப்பை மறைக்கும் பஞ்சுப்பொதி இழந்தவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. ஒருவரையொருவர் காணாதோர் ஓர் இயக்கமாகத் திரள முடியாது. இதனைப் பிற்கால இயக்கத்தின் முன்னுரை என்று நாம் கொள்ளலாம்.

அவ்வியக்கம் 1991 இல் திரண்டது. எயிட்ஸ் நோயுற்றோர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வீதியில் இறங்கி, மருந்துச் சோதனைகளின் விதிகளையே மாற்றச் செய்திருந்தனர்; அப்பாடம் மறக்கப்படவில்லை. பல அமைப்புகள் ஒன்றுகூடி உருவாக்கிய தேசிய மார்புப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, அவ்வாண்டு மார்புப் புற்றுநோய் கண்டறியப்படுமென மதிப்பிடப்பட்ட பெண்களின் தொகைக்கேற்ப 1,75,000 கடிதங்களை வாஷிங்ரனுக்கு அனுப்ப முனைந்தது. ஆறு இலட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டில் ஆராய்ச்சிக்கென மேலும் 30 கோடி டொலர் கேட்டது. பணம் இல்லை என்றனர். உள்நாட்டுச் செலவுக்கும் இராணுவச் செலவுக்கும் இடையே சட்டம் ஒரு மதிலை எழுப்பியிருந்தது. பணம் மதிலுக்கு அப்பால், இராணுவத்திடம் இருந்தது. ஆகவே காங்கிரஸ் 1993 ஆம் நிதியாண்டுக்கு 21 கோடி டொலரைப் பாதுகாப்புத் திணைக்களத்திடமே மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிற்று. குண்டுக்கு ஒதுக்கிய பெட்டியிலிருந்தன்றி மருந்துக்குப் பணம் எடுக்க முடியாத ஒரு வல்லரசின் இலட்சணத்தை வாசகர் சிந்தித்துப் பார்க்கட்டும்.

ஆயினும் அப்பணத்தோடு வந்த ஒரு மாற்றம் பணத்திலும் பெரிது. 1995 முதல், எவ்வாராய்ச்சிக்கு நிதி வழங்கலாம் என்று மதிப்பிடும் குழுக்களில் நோய்கண்ட பெண்களும் விஞ்ஞானிகளுக்குச் சமமான வாக்கோடு அமர்ந்தனர். விஞ்ஞானிகள் சிலர் முகம் சுளித்தனர். உயிரியல் அறியாதோர் உயிரியலை எங்ஙனம் மதிப்பிடுவர் என்றனர். கூட்டமைப்பு அதே ஆண்டில் வகுப்புகள் நடத்தி, தன் உறுப்பினருக்கு உயிரியலும் புள்ளிவிபரவியலும் கற்பிக்கத் தொடங்கிற்று. ஆசிரியர்களாகிய நம் வாசகர் இவ்விடத்தைக் கவனிப்பர் என நம்புகின்றோம். அழுகுரலை மட்டும் கொண்டு அப்பெண்கள் உள்ளே செல்லவில்லை. பாடம் படித்துக்கொண்டு சென்றனர்.

அப்படிப்பின் தேவையைப் பின்வரும் கதை உணர்த்தும். 1990 களில், மிகக் கடும் அளவில் மருந்தேற்றி, அதனால் அழியும் எலும்பு மச்சைக்கு ஈடாக முன்பே எடுத்துவைத்த மச்சையைச் செலுத்தும் சிகிச்சை பெரும் நம்பிக்கையாகப் பேசப்பட்டது. காப்புறுதிக் கம்பெனிகள் பணம் தர மறுத்தன. நோயாளர் நீதிமன்றம் சென்றனர். மாநிலங்கள் சில சட்டமியற்றின. சிகிச்சையை நேரே பெற முடிந்தமையால் ஆய்வில் சேர்வோர் குறைந்தனர். 1999 இல் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தபோது, நான்கில் பயனேதும் காணப்படவில்லை. பயன் காட்டிய தென்னாபிரிக்க ஆய்வு மோசடியானது என்பது 2000 இல் அம்பலமாயிற்று. இதற்கிடையில் பல்லாயிரம் பெண்கள் அவ்வதைக்கு உள்ளாகிவிட்டனர். கம்பெனிகளின் பேராசைக்கு எதிராக எழுந்த நியாயமான கோபம், இலாபம் தேடிய வைத்தியசாலைகளுக்குத் துணைபோயிற்று. நோயுற்றவர் சொல்வதெல்லாம் சரி என்று வாதிடுவோர் இதற்கு விடை கூற வேண்டும். அதிகம் வெட்டுவதே நலம் என்ற ஹால்ஸ்ரெட்டின் மனப்பான்மை, அதிக மருந்தே நலம் என்று வேடம் மாறி வந்தபோது, இம்முறை நோயாளருள்ளும் பலர் அதனை நம்பினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மொன்றியலைச் சேர்ந்த மருத்துவர் றொஜே புவாசோன், ஃபிஷரின் ஆய்வுகளில் தகுதியற்றோரையும் சேர்ப்பதற்காகத் திகதிகளையும் விபரங்களையும் திருத்தியிருந்தார். பொறுப்பாளர் 1990 ஐ அண்டி அதனை அறிந்தும், ஆய்வில் பங்குகொண்ட பெண்கள் அதனை அறிந்தது 1994 மார்ச்சில், சிக்காகோ நாளேடு ஒன்று வெளியிட்ட பின்னரே. அத்தரவுகளை நீக்கிக் கணித்தபோதும் முடிவு மாறவில்லை. ஃபிஷர்மீது சுமத்தப்பட்ட குற்றமும் 1997 இல் நீங்கிற்று. முடிவு மாறவில்லை என்பது விஞ்ஞானிக்குப் போதுமானது. அம்முடிவைத் தம் உடலால் எழுதிய பெண்களுக்கு அது போதவில்லை. எமக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டனர்.

பிரித்தானியாவில் வேறொரு வகையான நிகழ்ச்சி. 1991 இல் ஹேசல் தோண்டன் என்னும் பெண்ணுக்கு, பால்நாளங்களுக்குள்ளே அடங்கிக்கிடக்கும் ஆரம்பநிலைப் புற்று கண்டறியப்பட்டது. அது பரவும் நோயாக மாறலாம். வாழ்நாள் முழுவதும் மாறாமலும் இருக்கலாம். ஓர் ஆய்வில் சேர அழைத்தபோது, தமக்குத் தரப்பட்ட விளக்கம் போதாதென்று கூறி அவர் மறுத்தார். அத்தோடு நின்றுவிடாது, தம் காரணங்களை 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டுக்கே 1992 இல் எழுதினார். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மைக்கல் போம் அவரோடு வாதிட்டார்; பின்னர் 1994 இல் இருவரும் சேர்ந்து, ஆய்வுகளை வகுக்கும்போதே நோயாளரின் ஆலோசனையைப் பெறுவதற்கான குழுவொன்றை அமைத்தனர். மறுத்தவளையே அழைத்து, நீ மறுக்காத வண்ணம் ஆய்வை எவ்வாறு அமைக்கலாம் என்று கேட்கும் பண்பு ஹால்ஸ்ரெட்டின் உலகில் கற்பனைக்கும் எட்டாதது.

ஆனால் இவ்வாசனங்களில் அமர்ந்தோர் யாவர்? பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர், மத்தியதர வகுப்பினர், ஒரு நாட் கூலியை இழக்காமல் கூட்டத்துக்குப் போகக் கூடியவர். 1999 இன் இறுதியிலும் 2000 இலும் கேரளத்தில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் நிலையத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரின் மருந்து இருபதுக்கு மேற்பட்ட வாய்ப்புற்று நோயாளர்மீது சோதிக்கப்பட்டது. அந்நிலையத்தின் மருத்துவர் ஒருவரே அதனை வெளிப்படுத்தினார். மனிதர்மீது சோதிப்பதற்கு முன் வேண்டிய அனுமதி பெறப்படவில்லை எனவும், நோயாளரின் சம்மதம் முறையானதன்று எனவும் பல்கலைக்கழகம் 2001 இல் ஒப்புக்கொண்டது. பால்ரிமோரில் கேட்கக் கற்றுக்கொண்ட வினாவைக் கடல்கடந்து ஏழையிடம் கேட்கத் தேவையில்லை என்று எவரோ எண்ணியிருக்கின்றனர். ஹென்றியெற்ரா லாக்ஸின் குடும்பத்துக்கோ 2013 இல் ஒரு சிறு நீதி கிட்டிற்று: அவருடைய கலங்களின் மரபணுத் தொகுப்பை யார் பயன்படுத்தலாம் என்று ஆராயும் ஆறு பேர் கொண்ட குழுவில் அக்குடும்பத்தவர் இருவருக்கு இடம் தரப்பட்டது. அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர்.

ஹேசல் தோண்டனுக்கு வந்த அந்த ஆரம்பநிலைப் புற்றுக்கு இன்றும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே செய்யப்படுகின்றது. அது எல்லோருக்கும் தேவைதானா என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முதல் முடிவுகள் 2024 டிசெம்பரில் வெளிவந்தன. இவ்வாய்வை வகுத்தோருள் நோயாளர் பிரதிநிதிகளும் இருந்தனர். ஆபத்துக் குறைந்த வகையினரான 957 பெண்களுள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சத்திரசிகிச்சை. மறு பகுதியினருக்கு அடிக்கடி படமெடுத்துக் கண்காணிப்பு மட்டும். இரண்டு ஆண்டுகளில் பரவும் தன்மையுள்ள புற்று, முதற் பகுதியினருள் நூற்றுக்கு 5.9 பேரிலும், கண்காணிக்கப்பட்டோருள் 4.2 பேரிலும் காணப்பட்டது. வெட்டாமல் விட்டதனால் தீங்கு கூடவில்லை என்ற அளவுக்கே இப்போதைக்குச் சொல்ல முடியும். இரண்டு ஆண்டுகள் இந்நோயின் வரலாற்றில் மிகச் சிறிய காலம். ஃபிஷர் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார். அந்த 957 பேரும் தொடர்ந்து கவனிக்கப்படுவர்.